கருவியும் கைத்திறனும்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம் நாட்டுப் பழமொழி. கூடத்தைப் பழிக்கும் இவ்வியல்பு ஆடுவோரிடம் மட்டும் காணப்படுவதன்று. கதை சொல்லவும், பாடவும், படம் பிடித்துக் காட்டவும் விரும்பும் இளைஞர் பலர் இன்று, "விலையுயர்ந்த படக்கருவி இல்லையே! ஒலிப்பதிவுக் கூடம் இல்லையே!" என்று ஏங்குகின்றனர். கருவி வரட்டும் என்று காத்திருந்தே ஆண்டுகளைக் கழிக்கின்றனர். கருவிதான் கலையைப் படைக்கின்றதா? இவ்வினாவுக்குத் திருநெல்வேலிச் சீமை தெளிவான விடை தருகின்றது.

தாமிரபரணி வளப்படுத்தும் நாட்டில், சேரன்மாதேவிக்கு அண்மையில், பத்தமடை என்னும் ஊர் உள்ளது. நீர்வளம் மிக்க நிலங்களில் விளையும் கோரைப்புல்லைக் கொண்டு அங்கே பாய் நெய்கின்றனர். லெப்பை மரபினரான இசுலாமியக் குடும்பத்தார் பல தலைமுறையாக இத்தொழிலைப் பேணி வந்துள்ளனர். தரையோடு ஒட்டி அமைந்த எளிய கைத்தறியே அவர்தம் கருவி. அத்தகைய தறியிலே முரட்டுப் பாயும் நெய்யலாம். துணிபோல் மடித்து வைக்கத்தக்க பட்டுப்பாயும் நெய்யலாம். வேறுபாடு எங்கே உள்ளது? கோரையை நீரில் ஊறவைத்துப் பதமறிந்து எடுப்பதிலும், நூலிழைபோல் மெலிதாகக் கிழிப்பதிலும், நெருக்கமான பாவில் பல நாள் பொறுமையோடு கோத்து நெய்வதிலுமே உள்ளது. "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்னும் முதுமொழி பத்தமடையில் கண்கூடாகும்.

கைத்தொழிலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை கதை சொல்லும் கலைக்கும் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். அவர்கள் நெல்லை நாட்டு வில்லுப்பாட்டைக் கேட்டல் வேண்டும். சுடலைமாடன், இசக்கியம்மன் முதலிய தெய்வங்களின் கொடை விழாக்களில் இப்பாட்டு நடைபெறும். நீண்டு வளைந்த வில் ஒன்று, இழுத்துக் கட்டிய நாண், கோத்த மணிகள், வில்லைத் தாங்க ஒரு மண்குடம், உடுக்கை, தாளம், கட்டை. இவ்வளவே அவர்களுடைய கருவிகள். புலவர் இரண்டு வீசுகோல்களால் நாணைத் தட்டிக் கதையைத் தொடங்குகிறார். குடம் அடிப்பவர் அதன் வாயைத் தட்டித் தாளம் சேர்க்கிறார். பின்பாட்டுக்காரர் "ஆமாம்" போடுவதோடு நில்லாமல், கேட்போர் மனத்தில் எழும் ஐயத்தைத் தாமே வினாவாக எழுப்புகிறார். இரவு வளர்கிறது, கூட்டம் கலைவதில்லை.

பாபநாசத்து மலைச்சாரலில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் முத்துப்பட்டன் கதையும் அவ்வாறு பாடப்படுவதே. அந்தணனாய்ப் பிறந்த முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் குலத்தில் வளர்ந்த பொம்மக்கா, திம்மக்கா என்னும் மகளிரை மணப்பதற்காகத் தன் பூணூலைக் களைகிறான். அக்குலத்தின் தொழிலையும் கற்கிறான். பின்னர் ஆநிரை கவர வந்தவரோடு பொருது உயிர் துறக்கிறான். இதைக் கேட்கும்போது கேட்போர் கண்கள் கலங்குகின்றன. அங்கே திரைச்சீலை இல்லை. மலையின் படமும் இல்லை. புலவர் சொல்லே மலையை எழுப்புகிறது. அவர் குரலே அருவியை ஓடச் செய்கிறது. எங்கே நீட்டுவது, எங்கே சுருக்குவது, எங்கே நாணொலியை நிறுத்தி அமைதியைப் பேசவிடுவது என்பவற்றை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க இயலுமோ?

திருநெல்வேலி மாவட்டத்துச் சத்திரம் புதுக்குளத்தில் 1928-ஆம் ஆண்டு பிறந்தவர் சுப்பு ஆறுமுகம். அவருடைய திறமையைக் கண்ட கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். கோயிற் கொடையில் ஒலித்த வில்லைச் சுப்பு ஆறுமுகம் பொதுமேடைக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டு சேர்த்தார். காந்தியடிகளின் வரலாற்றையும் வில்லில் ஏற்றிப் பாடினார். 2021-ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்துச் சிறப்பித்தது. 2022-இல் அவர் மறைந்தார். அவர் வாழ்நாளில் கதையைப் பரப்பும் கருவிகள் பலமுறை மாறின. அவர் முன்னிருந்ததோ வில்லும் குடமுமே!

அவ்வாறாயின் நல்ல கருவி வேண்டாவோ எனின், அது நம் கருத்தன்று. விரிசல் கண்ட குடம் ஓசை தராது. மழுங்கிய கத்தி கோரையைச் சீராகக் கிழிக்காது. ஒலிபெருக்கி இல்லையேல் தொலைவில் இருப்போர்க்குப் பாட்டுக் கேளாது. ஆயினும், ஒலிபெருக்கி பாடுவோன் திறத்தைப் பெருக்குவதுபோலவே அவன் பிழையையும் பெருக்கிக் காட்டும் என்பதை மறத்தலாகாது. கையிலுள்ள கருவியின் எல்லை வரை சென்று, "இனி இது போதாது" என்று தெளிந்தவனே புதுக்கருவி வாங்கத் தக்கவன். கடன்பட்டு வாங்கிய கருவி பயிற்சியின்றி மூலையில் கிடந்தால், வட்டி வளருமேயன்றிக் கலை வளராது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. கருவியே கலை என்று நம்பும் சமுதாயம், கலையைச் செல்வர் வீட்டுப் பொருளாக்கிவிடும். குடிசையிற் பிறந்த புலவன் வாய் திறவாமலே மறைந்துபோவான். அவ்விழப்பு அவன் ஒருவனுக்கன்று, ஊர் முழுமைக்குமாகும்.

மாணவர்களே! உங்கள் பாட்டியிடம் கேட்ட கதையொன்றை முதலில் ஐந்து பேர் நடுவே சொல்லிப் பாருங்கள். அவர்கள் எங்கே சிரிக்கின்றனர், எங்கே கொட்டாவி விடுகின்றனர் என்று நோக்குங்கள். திருத்தி மீண்டும் சொல்லுங்கள். அவர்கள் எழுந்து போகாமல் கேட்பாராயின், அக்கதையை உலகுக்குச் சொல்ல வீட்டிலுள்ள எளிய கைப்பேசியும் போதும். கேளாராயின், எத்துணை விலையுயர்ந்த கருவியும் அவர்களை அமர வைக்காது.