விஜயாலயன் கட்டாத விஜயாலய சோழீஸ்வரம்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் சாலையில் சுமார் 17 கி.மீ. தொலைவில் மொட்டைப் பாறைகளாக ஒன்பது குன்றுகள் தெரியும். அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த துண்டுகள் என்பது ஊர்க்கதை. நார்த்தாமலை என்ற பெயருக்கும் நார்த்தங்காய்க்கும் சம்பந்தமில்லை. நகரத்தார் மலை என்பதுதான் அப்படி மருவியது என்கிறார்கள் ஆய்வாளர்கள். இங்கே நகரத்தார் என்றால் வணிகக் குழுவினர்.

பெயரை நம்பி ஏமாறுவது இந்த ஊரில் எளிது. ஒன்பது குன்றுகளில் ஒன்றான மேலமலை மீதுள்ள விஜயாலய சோழீஸ்வரத்தையே பாருங்கள். மேற்குப் பார்த்த சன்னதி, சதுரச் சுவருக்குள் வட்டமான கருவறை, சுற்றிலும் சிறு கோயில்கள். எட்டு இருந்த இடத்தில் இன்று ஆறுதான் நிற்கின்றன. தஞ்சையைப் பிடித்த விஜயாலய சோழன் எழுப்பிய கோயில் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். வாசலில் நிற்கும் துவாரபாலகரின் கீழுள்ள கல்வெட்டு வேறு கணக்குச் சொல்கிறது. கற்றளியை எடுத்தவன் சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையன். மழையில் அது சேதமானபோது புதுப்பித்தவன் மல்லன் விடுமன் என்கிற தென்னவன் தமிழதியரையன். இருவருமே முத்தரையர் மரபோடு சேர்த்துப் பேசப்படும் சிற்றரசர்கள். கட்டியவர்கள் காலடியில் இருக்கிறார்கள், பெயர்ப்பலகையில் சோழன் இருக்கிறான்.

எதிரே இரண்டு குடைவரைகள். சிறியது பழியிலி ஈஸ்வரம். பல்லவன் நிருபதுங்கனின் 7ஆம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டில், சாத்தன் பழியிலி என்ற முத்தரையன் அதைக் குடைவித்தான். முகமண்டபமும் நந்தியும் அதற்கொரு கொட்டிலும் அமைத்துத் தந்தவள் அவன் மகள் பழியிலி சிறியநங்கை. பேரரசர்களை மட்டும் மனப்பாடம் செய்யும் நம் பாடநூல்களில் இந்தப் பெண்ணுக்கு ஏது இடம்?

பெரிய குடைவரைக்கு ஊர் வாயில் இன்றும் ‘சமணர் குடகு’ என்றே பெயர். உள்ளே போனால் ஒரு சமண உருவமும் கிடையாது. மண்டபச் சுவர்களில் ஆளுயரத்துக்கு 12 திருமால்கள், ஒருவரைப் போலவே இன்னொருவர், வரிசை பிடித்து நிற்கிறார்கள். கருவறை வெறுமையாகக் கிடக்கிறது. மாறவர்மன் சுந்தரபாண்டியன் காலத்து 1228ஆம் ஆண்டுக் கல்வெட்டு, இங்கே திருமாலைப் பிரதிஷ்டை செய்த செய்தியைத் தருகிறது. கோயிலுக்குப் பெயர் பதினெண்பூமி விண்ணகரம்.

அந்தப் ‘பதினெண்பூமி’தான் துப்பு. அது அரசனின் பட்டமோ ஆழ்வார் வைத்த பெயரோ அல்ல, வணிகர்களின் சொல். நானாதேசத்துத் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கணத்துக்கு இந்த ஊர் முக்கியமான தளமாக இருந்தது. அதே கணத்தின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, 1088ஆம் ஆண்டினது, சுமத்ரா தீவின் பரூஸில் கிடைத்திருக்கிறது. சோழர் காலத்தில் தெலுங்குகுலகாலபுரம் என்ற பெயரோடு இந்த ஊர் வணிக நகரமாக விளங்கியது.

சைவ, வைணவ எழுச்சி வந்தது, சமணம் அடியோடு துடைத்தெறியப்பட்டது என்ற ஒற்றைவரிக் கதை இந்தக் குன்றுகளில் பாதிதான் செல்லுபடியாகிறது. மேலமலைக் குகை சமணர் கையைவிட்டுப் போனது உண்மை. எந்தச் சூழலில் போனது என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் அருகில், அம்மாசத்திரத்தை ஒட்டிய ஆளுருட்டிமலையில், இயற்கைக் குகைத்தளமும் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் இன்றும் உள்ளன. அங்குள்ள கல்வெட்டு கனகசந்திர பண்டிதர் என்ற சமண ஆசிரியரையும் அவர் மாணவர் தன்மதேவ ஆசாரியரையும் குறிப்பிடுகிறது. அதுவும் மாறவர்மன் சுந்தரபாண்டியன் காலத்ததுதான். ஒரு குன்றில் திருமால் குடியேறிய காலத்திலேயே இன்னொரு குன்றில் சமண ஆசிரியப் பரம்பரை நடமாடிக்கொண்டிருந்தது! மலையின் பெயரை வைத்து ஆளை உருட்டிக் கொன்ற கதைகள் சொல்லப்படுகின்றன. கல்வெட்டில் இருப்பதோ குருவும் மாணவரும்.

பங்குனியில் முத்துமாரியம்மன் தேரோட்டத்துக்கு ஊரே நிரம்பி வழிகிறது. மேலமலைக்கு வருவோர் விஜயாலய சோழீஸ்வரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அடுத்த முறை போகிறவர்கள் துவாரபாலகரின் காலடியைக் குனிந்து பாருங்கள். நேரம் இருந்தால் ஆளுருட்டிமலைக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.