வைக்கோல் மெத்தையும் மொட்டை டயரும்

விருத்தாசலம் பீங்கான் ஊர். இங்கே பொம்மை செய்கிறார்கள். மின்சாரத்துக்கு வேண்டிய பியூஸ் கட்டைகளும் செய்கிறார்கள்.

சரக்கை வண்டியில் ஏற்றும்போது பார்க்க வேண்டும்! அடியில் வைக்கோல். இடையில் வைக்கோல். ஒன்றுகூட உடையக் கூடாது என்று அவ்வளவு கவனம்!

ஆனால், அந்த வண்டியின் டயரை யார் பார்க்கிறார்கள்?

கனடாவில் ஏராளமான தமிழர்கள் வாழ்கிறார்கள். அங்கே கோடைக்கு ஒரு டயர்; பனிக்கு ஒரு டயர். காரணம் என்ன? குளிர் 7 டிகிரிக்குக் கீழே போனால், சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும். சாலையைச் சரியாகப் பிடிக்காது. பனி டயரின் ரப்பர் குளிரிலும் மெத்தென்று இருக்கும்.

கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காருக்குப் பனி டயர் கட்டாயம். பக்கத்தில் உள்ள ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. வேண்டுமா, வேண்டாமா என்று கார் வைத்திருப்பவரே முடிவு செய்ய வேண்டும்.

விருத்தாசலத்துக்குப் பனி டயர் வேண்டுமா? வேண்டாம். இங்கே பனிக்கட்டி விழாது. அந்த ரப்பர் நம் வெயிலில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

ஆனால் மழை உண்டே! அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சாலையில் தண்ணீர் நிற்கும்.

டயரில் இருக்கும் பள்ளங்கள் அழகுக்காக அல்ல. சாலைத் தண்ணீரை அவைதான் வெளியே தள்ளுகின்றன. பள்ளம் தேய்ந்தால் தண்ணீர் போக வழி இல்லை. வேகமாகப் போகும் வண்டி தண்ணீர்மேல் மிதக்கும். பிரேக்கை மிதித்தாலும் நிற்காது. திருப்பினாலும் திரும்பாது.

டயர் தேய்ந்ததை எப்படி அறிவது? பள்ளத்துக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடு இருக்கும். கார் டயரில் அதன் உயரம் 1.6 மில்லி மீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், அதை மாற்றியே ஆக வேண்டும். இதைப் பார்க்கப் படிப்பு வேண்டாம். கண் இருந்தால் போதும்.

"இந்த மழை போகட்டும். பொங்கலுக்கு மாற்றலாம்" என்பார்கள் சிலர். டயர் விலை அதிகம்தான். ஆனால், ஆபத்து இருப்பதே மழையில்தானே! வெள்ளம் வடிந்த பிறகா அணை போடுவது?

டயரின் நிலை ஓட்டுநருக்குத் தெரியும். மாற்றும் பணம் அவர் கையில் இல்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. ஆகவே, அவர் கேட்கும்வரை முதலாளி காத்திருக்கக் கூடாது. புரட்டாசியிலேயே டயரைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட வேனின் டயரைப் பெற்றோரும் குனிந்து பார்க்கலாம். அதில் வெட்கம் இல்லை.

ஒரு பொம்மை உடைந்தால், சூளையிலிருந்து வேறு பொம்மை வரும். ஓட்டுநரின் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைக்கு வேறு அப்பா வரமாட்டார்.

பீங்கானுக்கு வைக்கோல் மெத்தை. மனிதனுக்கு மொட்டை டயரா?