சுயமாகக் கோடிங் கற்பவர்களுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும்

நம் சங்கக் குடும்பங்கள் கூடும் இடங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி, "கோடிங் வகுப்பில் சேரலாமா, எவ்வளவு ஆகும்?" என்பதுதான். பி.காம். முடித்து வேலை தேடும் பையன் கேட்கிறான். கணவரின் மாற்றலால் சென்னை வேலையை விட்டுவிட்டு இங்கே வந்த பெண்ணும் கேட்கிறாள். வகுப்பு நடத்துபவர்கள் சொல்லும் தொகை பலருக்குக் கடன் வாங்கிக் கட்டும்படி இருக்கிறது. அந்தப் பணத்தைக் கட்டும் முன் சற்று யோசியுங்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

பாடங்களுக்கு நாட்டில் பஞ்சமில்லை. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் பரீட்சைக் கட்டணம் செலுத்தினால் போதும். பம்பாய் ஐ.ஐ.டி.யில் உருவான ஸ்போக்கன் டுடோரியலில் பல பாடங்கள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 பாடமும் இலவசம். இத்தனை இருந்தும் ஆர்வமாகத் தொடங்குகிறவர்களில் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். காரணம் மூளைக் குறைவல்ல, ஒழுங்கின்மைதான் என்பது என் தாழ்மையான கருத்து. இன்று ஒருவருடைய வீடியோ, நாளை இன்னொருவருடையது, மறுநாள் வேறு மொழி என்று தாவினால் எதுவும் கையில் நிற்காது.

ரயில்வே சிக்னல் பிரிவில் பல ஆண்டுகள் இருந்ததால் எனக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்கிறேன். இன்ஜின் ஓட்டத் தெரிந்துவிட்டது என்பதற்காக ஒரு டிரைவரைப் புதிய தடத்தில் வண்டி எடுக்க விடமாட்டார்கள். அவர் இன்னொருவருடன் இரவிலும் பகலிலும் அந்தத் தடத்தில் போய், சிக்னல் எங்கே, வளைவு எங்கே, ஏற்றம் எங்கே என்று பார்த்து, வழி தெரிந்துகொண்டேன் என்று கையெழுத்திட வேண்டும். சில மாதங்கள் அந்தப் பக்கம் ஓட்டாமல் இருந்தால் மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும். அதேபோல, பாயிண்டு சரியாக அமைந்து பூட்டிக்கொண்டால் ஒழிய சிக்னல் விழாது. இதைத்தான் இன்டர்லாக்கிங் என்கிறோம். நல்ல கற்றல் சாதனம் என்பதும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒரு பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றை மட்டும் பாருங்கள். முதலாவது, வரிசை. அடுத்த பாடம் முந்தையதன் மேல் நிற்க வேண்டும். சென்னை கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் என்.பி.டி.இ.எல்.லில் நடத்திய பைத்தான் பாடம் எட்டு வாரங்களாகப் பிரிக்கப்பட்டது. இந்த வாரம் இவ்வளவு என்று தெரிந்தால் மனம் அலையாது.

இரண்டாவது, கைவேலை. ஸ்போக்கன் டுடோரியலில் திரையின் ஒரு பாதியில் பாடம் ஓடும், மறுபாதியில் நாமே அதைச் செய்து பார்க்க வேண்டும். பார்ப்பது மட்டும் படிப்பாகாது. நீச்சலைக் கரையில் நின்று யார் கற்றார்கள்?

மூன்றாவது, சோதனை. ஃப்ரீகோட்கேம்ப் என்ற இலவசப் பாடத்தில் நாம் எழுதியது சோதனையில் தேறினால்தான் அந்தப் படி முடிந்ததாகக் கணக்கு. சி.எஸ்.50-லும் நம் புரோகிராம் சரியா தப்பா என்று இயந்திரமே சொல்லிவிடும். தவறை உடனே காட்டும் ஆசான் கிடைப்பது அரிது.

"இப்படிக் கட்டுப்பாடாகப் படித்தால் சொந்த யோசனை வளராதே, பிடித்ததைச் செய்தே கற்கட்டுமே" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்வரம் பழகாமல் கல்பனா ஸ்வரம் பாட முடியாது. எட்டு வாரம் முடியட்டும், பிறகு சொந்தமாக ஒன்று செய்யச் சொல்லுங்கள். நம் சங்க நூலகத்தின் இரவல் பதிவேட்டையே கணினியில் தமிழில் அமைக்கலாம். அப்போது வேடிக்கையான சிக்கல்கள் வரும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் 5 என்று சொல்லும். நமக்கு அது மூன்றெழுத்து. இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. இதை ஏன் என்று தேடிக் கண்டுபிடிக்கிறவனே புரோகிராமர் ஆவான்.

2022-இன் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் இன்னொரு பேச்சு. "அதுவே எழுதிக் கொடுக்கிறது, நாம் ஏன் கற்க வேண்டும்?" புரியாததை விளக்கச் சொல்லி அதைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் பயிற்சிக் கணக்கை அதனிடமே கொடுத்து விடை வாங்குவது, இன்ஜினில் தூங்கிக்கொண்டே போய்விட்டு வழி தெரிந்தது என்று கையெழுத்திடுவதற்குச் சமம். அது எழுதித் தந்தது தவறாக இருந்தால் கண்டுபிடிக்கவும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

எந்தச் சாதனமும் தர முடியாத ஒன்று உண்டு. "இந்த வாரம் செய்தாயா?" என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். வெளியூரில் தனியாக வீட்டில் அமர்ந்து படிப்பவர்களுக்கு, முக்கியமாக உள்ளூர் மொழி இன்னும் சரளமாக வராத பெண்களுக்கு, அந்த மனிதர் இல்லை. இங்கேதான் சங்கம் உதவ வேண்டும். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் நூலக அறையைத் திறந்து விடுங்கள். எல்லோரும் ஒரே பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டு, அந்த வாரம் செய்ததைக் கொண்டுவந்து காட்டட்டும். மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் முறை வைத்து வந்து சந்தேகம் தீர்க்கலாம். தமிழில் கேட்கலாம், தமிழில் சொல்லலாம்.

இதற்குச் சங்கத்துக்கு ஆகும் செலவு மின்சாரமும் தேநீரும்தான். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். ஆர்வமுள்ள குடும்பத்தினரும் தங்கள் பெயரைக் கொடுத்தால், எத்தனை நாற்காலி போட வேண்டும் என்பதாவது தெரியும்.