‘இயற்கை மருந்து’ என்றால் பயமில்லையா? வீட்டுத் தோட்டம் போடுவோர் கவனிக்க வேண்டியவை

காய்கறி விலை ஏறும்போதெல்லாம் வீட்டுத் தோட்டத்தின் மீது மக்களின் கவனம் திரும்புகிறது. தோட்டப்புற வீடுகளின் பின்புறத்தில் வெண்டையும் பயற்றங்காயும் புதிதல்ல. இப்போது தாமான் வீடுகளின் வேலியோரத்திலும் அடுக்குமாடித் தாழ்வாரங்களிலும் மிளகாய், கத்தரி, கறிவேப்பிலைச் செடிகள் பெருகிவிட்டன. கடைக் காய்கறியில் எவ்வளவு மருந்து அடித்திருப்பார்களோ என்ற அச்சம்தான் பலரை மண்ணைக் கிளற வைத்திருக்கிறது.

ஆனால், செடியில் முதல் பூச்சி வந்தவுடன் பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன? வேலையிடத்தில் மிஞ்சிய மருந்து ஒரு குளிர்பானப் போத்தலில் வீட்டுக்கு வருகிறது. அது கிடைக்காவிட்டால் கொசுவுக்கு அடிக்கும் ஸ்பிரே செடிக்கும் பாய்கிறது. இவை இரண்டும் வேண்டாம் என்று நினைப்பவர்கள் கைப்பேசியில் வரும் ‘இயற்கை மருந்து’ குறிப்புகளை அப்படியே நம்பிச் செய்கிறார்கள். இந்த மூன்று வழிகளிலும் ஆபத்து இருக்கிறது. மூன்றாவதில் இருப்பதைப் பற்றித்தான் குறைவாகப் பேசப்படுகிறது.

தோட்டப்புறம் கண்ட பாடம்

பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி ஆகியவற்றின் தீமையை இந்தச் சமூகத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடித்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்ப் பெண்கள். மூக்கில் இரத்தம் வடிதல், நகம் கறுத்து விழுதல், தோல் புண், கண் எரிச்சல் ஆகியவை அந்த வேலையோடு சேர்ந்து வருபவை என்றே பல காலம் கருதப்பட்டன.

2002ஆம் ஆண்டு தெனாகானித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்புக் கூட்டமைப்பும் தோட்டத் தொழிலாளர்களிடையே நடத்திய ஆய்வை வெளியிட்டன. ஐரின் பெர்னாண்டஸ் தலைமையில் இயங்கிய தெனாகானித்தா, இந்தப் பெண்களின் உடல்நலக் கேட்டை நாட்டின் முன் கொண்டுவந்து வைத்தது. அதே ஆண்டில் பாராகுவாட் களைக்கொல்லிக்கு அரசாங்கம் தடை அறிவித்தது. ஆனால், 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதிதான். அதற்குள் ஒரு தலைமுறை பம்பைச் சுமந்து முடித்துவிட்டது.

2023இல் குளோர்பைரிபாஸ், கார்போபியூரான் ஆகிய இரண்டு பூச்சிக்கொல்லிகளும் விவசாயப் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டன. குளோர்பைரிபாஸ் வளரும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கக்கூடியது. 2025இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் நீக்கப்பட வேண்டிய இரசாயனங்கள் பட்டியலிலும், சில விலக்குகளுடன், அது சேர்க்கப்பட்டது.

சட்டத்தில் தடை வந்துவிட்டது. ஆனால் வீட்டின் பின்புறக் கொட்டகையில் இருக்கும் பழைய போத்தலுக்கு அது தெரியாது. பாராகுவாட்டுக்கு முறிவு மருந்து கிடையாது. ஒரு வாய் விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து. குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்த எந்த மருந்தும், அதைத் தண்ணீர் என்று நினைக்கும் பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

வேரிலிருந்து வந்த விஷம்

இரசாயனம் கெட்டது, செடியிலிருந்து வருவது நல்லது என்று கோடு கிழிப்பது சுலபம். இந்த நாட்டின் சொந்த வரலாறே அந்தக் கோட்டை அழிக்கிறது.

அக்கார் தூபா என்ற கொடியின் வேரை இடித்து ஆற்றில் கலந்து மீன் பிடிக்கும் பழக்கம் இங்கு நெடுங்காலமாக இருந்தது. அந்த வேரில் இருக்கும் ரோட்டெனோன் என்ற பொருள் மீனையும் பூச்சியையும் கொல்லும். இரண்டாம் உலகப் போருக்கு முன் மலாயாவிலிருந்து ஏற்றுமதியான பயிர்களில் தூபாவும் ஒன்று. செடியிலிருந்து கிடைக்கிறது என்ற ஒரே காரணத்தால் மேல்நாடுகளில் பல்லாண்டுகள் அது பாதுகாப்பான தோட்ட மருந்தாக விற்கப்பட்டது.

2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பூச்சிக்கொல்லியைக் கையாண்ட விவசாயிகளையும் அவர்களின் குடும்பத்தாரையும் ஆராய்ந்தது. ரோட்டெனோனைப் பயன்படுத்தியவர்களுக்குப் பார்க்கின்சன் நடுக்க நோய் இருக்கும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு என்று அதில் தெரிந்தது. பாராகுவாட்டுக்கும் அதே இரண்டரை மடங்குதான். ஒன்று தொழிற்சாலையில் பிறந்தது, மற்றது மண்ணில் விளைந்தது. உடலுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை.

புகையிலைத் தண்ணீரும் இப்படித்தான். புகையிலையை ஊறவைத்து வடிகட்டிச் செடிப்பேனுக்கு அடிப்பது பல வீடுகளில் பெருமையோடு சொல்லப்படும் கைவைத்தியம். அதில் வேலை செய்வது நிக்கோட்டின். தோல் வழியாகவே உடலுக்குள் ஏறும் கடுமையான நஞ்சு அது. வெறுங்கையால் கலக்குபவருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வரலாம். போதாக்குறைக்கு, புகையிலையில் இருக்கும் ஒரு வைரஸ் நோய் மிளகாய்க்கும் தக்காளிக்கும் தொற்றக்கூடியது. பூச்சியை விரட்டப் போய் நோயை வாங்கி வந்த கதையாகிவிடும்.

வேம்பின் இரு முகங்கள்

வேப்பெண்ணெயின் பெருமைக்குக் குறைவில்லை. அதைக் கொண்டு செடிகளின் பூஞ்சை நோயைத் தடுக்கும் முறைக்கு அமெரிக்க விவசாய அமைச்சும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இந்திய விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததற்கு வேறொருவர் உரிமை கொண்டாடுவதா என்று வந்தனா சிவா உள்ளிட்டோர் வழக்காடினர். 2000இல் காப்புரிமை ரத்தானது; 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. பாட்டியின் அறிவு வென்றது என்று உலகத் தமிழர்களும் மகிழ்ந்தார்கள்.

அதே வேப்பெண்ணெய்க்கு மலேசியாவில் இன்னொரு வரலாறும் உண்டு. சளிக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டும் வழக்கம் இந்தியக் குடும்பங்களில் இருந்தது. அப்படிப் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மயக்கம் ஏற்பட்டதைக் கோலாலம்பூர் மருத்துவர்கள் கண்டறிந்து 1981இல் லேன்சட் மருத்துவ இதழில் பதிவு செய்தனர். செடியின் இலையில் நன்மை செய்யும் எண்ணெய், சிசுவின் ஈரலையும் மூளையையும் தாக்கியது.

இதற்காக வேப்பெண்ணெயைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எதற்கு, எவ்வளவு, எப்போது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். பூட்டி வைக்க வேண்டிய பொருள்களின் வரிசையில் அதற்கும் இடம் தர வேண்டும்.

முதலில் நோயைப் பாருங்கள்

வீட்டுத் தோட்டங்களில் அதிகம் வீணாவது தவறான நோய்க்கு அடிக்கும் மருந்து. மிளகாய் இலை சுருண்டால் உடனே ஒரே மருந்தைத் தேடுகிறார்கள். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி வளைந்து தடித்தால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் இனம். இலை மஞ்சளாகிச் சிறுத்து, செடியே குட்டையாக நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸாக இருக்கலாம். வைரஸுக்கு இயற்கையிலும் மருந்தில்லை, கடையிலும் மருந்தில்லை. அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதுதான் மற்றச் செடிகளைக் காக்கும் வழி.

பாகற்காய்க்குள் புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை. முட்டை காய்க்குள் போன பிறகு வெளியே எதை அடித்தாலும் பயனில்லை. பிஞ்சு விரல் அளவு இருக்கும்போதே பழைய செய்தித்தாளைக் குழாய்போலச் சுற்றிக் கட்டிவிட்டால் போதும். நாட்டின் பல பாகல் தோட்டங்களில் இன்றும் நடப்பது இதுதான்.

அசுவினி, மாவுப்பூச்சி ஆகியவற்றுக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மிஞ்சியதைத் துணியால் துடைத்தாலே பாதி வேலை முடியும். மீதிக்கு வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லிலிட்டர், கலப்பதற்குச் சில சொட்டுத் திரவச் சவர்க்காரம். முதலில் இரண்டு இலைகளில் மட்டும் அடித்து, மறுநாள் இலை கருகவில்லை என்று பார்த்த பிறகு மற்ற இடங்களுக்கு அடிக்கலாம். வேம்பின் சத்து வெயிலில் சிதைந்துவிடும் என்பதால் மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி அடிக்க வேண்டும். மழை பெய்தால் கழுவிப்போகும்; வாரம் ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். கலந்த கரைசலை அன்றே தீர்த்துவிடுவது நல்லது.

பூசணி, வெள்ளரி, வெண்டை இலைகளில் மாவு தூவியதுபோல் வரும் சாம்பல் நோய்க்கு ஆப்ப சோடா உதவும். ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் இலை கருகும். அடிக்கடி அடித்தால் தொட்டி மண்ணில் உப்பு சேரும். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரந்தோறும் அடிப்பது இந்த நோயைக் கட்டுப்படுத்துவதாக 1999இல் வெளியான பிரேசில் ஆய்வு காட்டியது. இவை தொடக்கத்திலேயே பயன்படும். இலை முழுதும் வெளுத்த பிறகு பயன் குறைவு. கந்தகத் தூளும் பழைய பூஞ்சை மருந்துதான். ஆனால் இந்நாட்டு வெயிலில் நண்பகலில் போட்டாலும், எண்ணெய் அடித்த இரு வாரத்துக்குள் போட்டாலும் செடியைக் கருக்கிவிடும்.

பஞ்சகவ்யம் போன்ற சாணக் கரைசல்களை வேருக்கு ஊற்றுவது ஒன்று, புதினா, கொத்தமல்லி போலப் பச்சையாகச் சாப்பிடும் கீரையின் இலையில் அடிப்பது வேறொன்று. வயிற்றுப்போக்குக் கிருமிகள் இலையோடு தட்டுக்கு வந்துவிடும்.

மழைக் காலத்தில் மிளகாய் அழுகுவதற்கு எந்தக் கரைசலையும்விட இடைவெளிதான் மருந்து. செடிகளை நெருக்கி வைக்காமல், இலையில் அல்லாமல் வேரில் தண்ணீர் ஊற்றி, அழுகிய காய்களை உடனுக்குடன் பொறுக்கி எடுத்தால் பூஞ்சை பரவுவது பெருமளவு குறையும்.

போத்தலில் பார்க்க வேண்டியது

கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வரலாம். 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பூச்சிக்கொல்லி வாரியத்தில் பதிவு பெற்றவை மட்டுமே விற்கப்பட வேண்டும். எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் பதிவு எண் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஆர்கானிக்’ என்று பச்சை எழுத்தில் அச்சிட்டு, பதிவு எண்ணோ உள்ளடக்கமோ இல்லாமல் இணையத்தில் விற்கப்படும் போத்தலில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

மருந்து அடித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் லேபிளில் இருக்கும். கறிவேப்பிலையை அன்றாடம் கிள்ளிக் குழம்பில் போடும் வீட்டில் இந்த ஒரு வரி மிக முக்கியம். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்து, எத்தனை முறை கழுவினாலும் இலையை விட்டுப் போகாது. கொசு ஸ்பிரே சாப்பிடும் பயிருக்காகத் தயாரிக்கப்பட்டதே அல்ல. யாராவது தவறுதலாக விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 999ஐ அழைத்து, போத்தலையும் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மருத்துவர்களுக்கு ஆலோசனை வழங்கப் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது.

தமிழில் யார் சொல்வது?

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக இயற்கை வேளாண்மைப் பயிற்சியும் தமிழில் குறிப்புகளும் தந்து வருகிறது. அது ஒரு சங்கத்தின் முயற்சி. லேபிளின் விளக்கத்தை மலாயில் வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத முதியவர்கள் இன்னும் தோட்டப்புறங்களில் இருக்கிறார்கள். மருந்தை அதிகம் கையாண்டவர்களும் அவர்கள்தாம். விவசாயத் துறையின் வழிகாட்டிகள் எளிய தமிழில் அவர்கள் கைக்குச் சேர வேண்டும். காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் தமிழ்ப்பள்ளிகள் இதைப் பாடமாகவே நடத்தலாம். ஆலய மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், பழைய போத்தல்களைக் கொண்டுவரச் சொல்லி எது தடை செய்யப்பட்டது என்று காட்டிக்கொடுக்க. அவற்றைச் சாக்கடையில் ஊற்றாமல் முறையாகத் திரும்பப் பெறும் ஏற்பாட்டை அதிகாரிகளும் தோட்ட நிர்வாகங்களும் செய்ய வேண்டும்.

தோட்டத்தில் ‘மருந்து அடிக்கிறது’ என்றுதான் சொல்லிப் பழகிவிட்டார்கள். நஞ்சுக்கு மருந்து என்ற பெயர் வைத்ததால் எச்சரிக்கை குறைந்தது. இப்போது அதன் முன்னால் ‘இயற்கை’ என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. பெயர் எதுவானாலும், போத்தலைத் திறக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது, எந்தப் பூச்சிக்கு, எத்தனை சொட்டு என்று கேட்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வர வேண்டும்.