மேலவையில் நமக்கு நாற்காலி எங்கே?

செஞ்சிக்காரர்களான நாம் ஆரணி மக்களவைத் தொகுதியில் வாக்களிக்கிறோம். பக்கத்திலுள்ள திண்டிவனமும் வானூரும் தனித்தொகுதிகள். அவை அடங்கிய விழுப்புரம் மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதியே. தமிழகத்தின் 39 மக்களவை இடங்களில் 7, சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 பட்டியல் சாதியினருக்கு உரியவை. மாநிலங்களவையில் தமிழகத்துக்கு 18 இடங்கள். அதில் நமக்கென ஒதுக்கப்பட்டது ஒன்றுகூட இல்லை.

அரசியல் சட்டத்தின் 330-ஆவது பிரிவு மக்களவைக்கும், 332-ஆவது பிரிவு சட்டமன்றங்களுக்கும் தனி இடங்கள் தந்தன. மாநிலங்களவைக்கு அப்படியொரு பிரிவே இல்லை.

மேலவை தொடக்கத்திலேயே மேட்டுக்குடியின் அவை. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் மத்தியில் இரண்டு அவைகளை அமைத்தபோது, மேலவைக்கு வாக்களிக்கும் உரிமை பெரும் சொத்துடைய சிலருக்கே கிடைத்தது. 1927-இல் எம்.சி. ராஜா நியமிக்கப்பட்டதும் கீழவைக்குத்தான். 1952-இல் இன்றைய மாநிலங்களவை வந்தது. பம்பாயில் மக்களவைத் தேர்தலில் தோற்ற அண்ணல் அம்பேத்கர், அதே ஆண்டு அந்த அவைக்குள் சென்று, மறையும்வரை உறுப்பினராக இருந்தார். ஆனால் அவர் சென்றது சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்குகளால்; தனி இட உரிமையால் அல்ல.

கணக்கைப் பாருங்கள். தமிழகத்தில் ஒரு சுற்றுக்கு ஆறு இடங்கள் காலியாகின்றன. ஒருவர் வெல்ல 34 சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்கு போதும். நம் தனித்தொகுதி உறுப்பினர்கள் 44 பேர். ஒன்றுசேர்ந்தால் அவர்களே ஒருவரை அனுப்பலாம். ஆனால் 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், வாக்குச்சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டிவிட்டே பெட்டியில் போட வேண்டும். யார் டெல்லிக்குப் போவது என்பதைத் தலைமை முடிவு செய்கிறது, நம்மவர்கள் கையெழுத்திடுகிறார்கள்.

இது வெறும் நாற்காலிப் பிரச்சினை அல்ல. மக்களவை, சட்டமன்றத் தனித்தொகுதிகளுக்கே 2030 ஜனவரி 25 வரைதான் ஆயுள். அதை நீட்டிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். நம் பிரதிநிதித்துவத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் ஓர் அவையில் நமக்கு உறுதியான ஓர் இடமும் கிடையாது.

எனவே 80-ஆவது பிரிவைத் திருத்தி, மாநிலங்களவையிலும் தனி இடங்கள் ஒதுக்க வேண்டும். தமிழக மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு நாம். சட்டம் வரும்வரை, ஒவ்வொரு சுற்றிலும் ஆறில் ஓர் இடத்தையாவது கட்சிகள் தலித்துகளுக்குத் தரட்டும். சமூகநீதி பேசும் கட்சிகளுக்கு இதற்குச் சட்டம் தேவையில்லை, மனம் போதும். செஞ்சியிலும் திண்டிவனத்திலும் வானூரிலும் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் இதைக் கேட்போம்: உங்கள் மாநிலங்களவை வாக்கு யாருக்கு?