தாவும் சுரங்கள்

தம்புள்ளைக் குகைக் கோயிலைக் காணச் செல்லும் இளைஞர் கூட்டம், பஸ் வண்டியிலே கிற்றாரையும் உடன் கொண்டு செல்வது நாம் நன்கறிந்த காட்சி. பாட்டுக்குத் துணையாகத் தந்திகளைத் தட்டுவதோடு பலர் நின்றுவிடுகின்றனர். மெட்டைத் தாமே வாசிக்க முனைவோர்க்கோ கடினமான ஒரு பாடம் காத்திருக்கின்றது. ஒரு சுரத்திலிருந்து அதன் மேல் ஸ்தாயிச் சுரத்துக்குத் தாவித் தாவி வாசிப்பதே அது.

மெலிவு, சமன், வலிவு என நம் முன்னோர் வகுத்த மூன்று ஸ்தாயிகளிடையே நிகழும் தாவல் இது. மேற்சுரம் கீழ்ச்சுரத்தினும் இருமடங்கு விரைவாய் அதிரும். கிற்றாரின் ஐந்தாம் தந்தி நொடிக்கு 110 முறை அதிர்கின்றது. அதனையே 12ஆம் கட்டில் அழுத்தினால் 220 முறை அதிரும். ஆயினும், ஒரே தந்தியில் அத்துணை தூரம் கை ஓடினால் தாளம் பிந்திவிடும் அன்றோ?

ஆதலின் இடையே ஒரு தந்தியை விட்டு அடுத்ததைப் பற்றுதல் வேண்டும். ஆறாம் தந்தியிலிருந்து நான்காவதற்கும், ஐந்திலிருந்து மூன்றாவதற்கும் தாவுகையில் இரண்டு கட்டுகள் மேலே செல்க. நான்கிலிருந்து இரண்டாவதற்கும், மூன்றிலிருந்து முதலாவதற்குமாயின் மூன்று கட்டுகள். மூன்றாம், இரண்டாம் தந்திகளின் இடைவெளி ஏனையவற்றினும் அரைச்சுரம் குறைந்திருப்பதே இதற்குக் காரணம். விட்ட தந்தி ஒலியாதபடி சுட்டுவிரல் அதனை மெல்லத் தொட்டிருத்தல் வேண்டும்.

ஆசிரியர் அருகில் இல்லையே என மனம் தளரும் மாணவர்க்கு வெஸ் மொன்ற்கொமரியின் வரலாறு ஊக்கம் தரும். 1923இல் அமெரிக்காவிலே பிறந்த அவர், இசைக்குறிப்பை வாசிக்க அறியாதவர். இசைத்தட்டுகளைக் கேட்டே பயின்றார். பகலிலே தொழிற்சாலை வேலை, இரவிலே கிற்றார். அயலார் துயில் கெடாவண்ணம் பெருவிரலால் மெல்ல மீட்டினார் என்பர். இரு ஸ்தாயிச் சுரங்களையும் ஒருங்கே ஒலிக்கும் அவருடைய வாசிப்பு, 1968இல் அவர் மறைந்த பின்னரும் உலகெங்கும் பயிலப்படுகின்றது.

நம் கர்நாடக இசையிலும் சரளி வரிசை, ஜண்டை வரிசை ஆகியவற்றைப் பயின்ற பின்னரே மாணவர் தாட்டு வரிசைக்கு வருவர். தாவுதல் என்பதே தாட்டின் பொருள். அம்முறையையே கிற்றாரிலும் கைக்கொள்க. முதலில் ஒரு சுரத்தையும் அதன் மேற்சுரத்தையும் விளம்ப காலத்தில் மாறி மாறி ஒலித்துப் பழகி, பின் ஏழு சுரங்களுக்கும் செல்க. இரண்டும் தெளிவாய்க் கேட்கும்வரை வேகத்தைக் கூட்டற்க. பெற்றோரும், பிள்ளை ஒரே சுரத்தை நூறு முறை மீட்டுவது கேட்டுச் சலியாதிருப்பாராக.