சுட்டியோடு சேர்த்துப் பகிர வேண்டியவை

நல்லதொரு இலவச மென்பொருளைக் கண்டவுடன் சுட்டியை நாலு பேருக்கு அனுப்புகிறோம். நல்ல பழக்கம். ஆனால் அதைப் பராமரிப்பவர் யார் என்று கேட்பவர்கள் குறைவு. லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியைப் பல ஆண்டுகள் பெரும்பாலும் தனியாகவே தாங்கியவர் ஒரு தன்னார்வலர். அவர் களைத்திருந்த வேளையில் உதவிக்கு வந்தவராக நடித்த ஒருவர், இரண்டு ஆண்டுக்கும் மேலாகப் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, 2024இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் கள்ளக்கதவு ஒன்றை வைத்துவிட்டார். தொலைவிலுள்ள கணினியோடு இணைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் மார்ச் 29 அன்று விஷயம் வெளியே வந்தது. அந்தத் தன்னார்வலர் தன் சோர்வைப் பொதுவெளியில் சொல்லியிருந்தார். அப்போதும் அவரை அவசரப்படுத்திக் கடிதங்கள் வந்தன. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு கருவியைப் பரிந்துரைப்பவர் அதன் உரிமம், கடைசிப் பதிப்பு வந்த தேதி, பராமரிப்பவருக்குத் தேவைப்படும் உதவி எல்லாவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் பணம் தர வேண்டும். கையில் காசில்லாத மாணவர்கூட ஒரு பிழையைத் தெளிவாக எழுதி அனுப்பலாம், பயன்பாட்டுக் குறிப்பைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.